மாயன் பொம்மையின் பின்பக்கம்

அருங்காட்சியகத்தில் அந்தக் களிமண் பொம்மைக்குக் கீழே ஐந்து ஆண்டுகளாக எழுதப்பட்டிருந்தது என் கருத்தல்ல. அது என் மனைவி சொன்னது. நான் அதை எடுத்து என்னுடையதாக்கிக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், ஏதோ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவன்போலத் தோன்றுவேன்.

இதை எழுத வேண்டாம் என்று சொன்னவர்கள் பலர். வீட்டு விஷயம் என்றார்கள். எழுபத்தெட்டு வயதில் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவன். டென்மார்க்குக்கு வந்து பாத்திரம் கழுவினேன், ஹேர்னிங் நகரில் துணி ஆலையில் நின்றேன், பிறகு சில பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தேன். என் மனைவி இருபத்தேழு ஆண்டுகள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். முதியவர்களை எழுப்பி, குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டு, வாயில் சாப்பாடு தீத்துவது அவள் வேலை. எங்கள் விருந்தாளிகள் வந்தால் என்னிடம் வரலாற்றைப் பற்றிக் கேட்பார்கள். அவளிடம் தேநீர் கேட்பார்கள். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

ஓய்வு பெற்ற பின் பக்கத்து ஊரில் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாத வழிகாட்டியாகச் சேர்ந்தேன். அங்கே ஒரு அறை முழுக்கப் பிற நாட்டுப் பொருள்கள். கப்பல் பொறியியலாளர் ஒருவரின் குடும்பம் கொடுத்தவை. அவற்றில் ஒன்றுதான் அந்த மாயன் பொம்மை. மெக்சிகோக் கரையோரத்தில் ஏதோ ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தக் கல்லறை, யார் எடுத்தார் என்பதற்குத் தாள் இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாது என்று சொல்வார்கள்.

ஒரு சாண் உயரம். செம்மண் நிறம். மடிப்புகளில் மட்டும் பழைய நீலச் சாயம் ஒட்டியிருக்கிறது. ஒரு ஆண் சிறிய பீடத்தில் அமர்ந்திருக்கிறான். வாய் அவனுடைய இடப்பக்கம் இழுத்து உயர்ந்திருக்கிறது. வலக்கை மூடியபடி மடியில் கிடக்கிறது. இடக்கை அந்த வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. வலப் பாதம் சற்று உள்ளே திரும்பியிருக்கிறது. ‘மதுக்களிப்பில் சிரிக்கும் மனிதன்’ என்று பழைய அட்டை சொன்னது. மாயர்கள் குடிகாரர்களையும் மண்ணில் செய்தார்கள் என்பதால் அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் அந்த இடத்தில் நின்று, “இவரை வெள்ளிக்கிழமை மாலை எந்த ஊர் மதுக்கடையிலும் பார்க்கலாம்” என்பேன். டெனிஷ்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

ஒரு ஞாயிறு என் கார் திருத்தும் இடத்தில் நின்றது. காலை வேலை முடித்த மனைவி என்னை ஏற்றிப்போக வந்தாள். இல்லத்தில் போடும் வெள்ளைச் சப்பாத்து இன்னும் காலில் இருந்தது. நானும் அருங்காட்சியகப் பொறுப்பாளரும் அந்த அறையில் நின்றோம். பொறுப்பாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். புதிய அட்டைகள் எழுதவேண்டிய பொருள்களைக் குறித்துக்கொண்டிருந்தார். என் மனைவி காத்திருக்கும்போது சும்மா இருக்கமாட்டாள். பொம்மையின் கண்ணாடிப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளிதான் உண்டு. அதற்குள்ளும் போய் வந்தாள். பிறகு முன்னால் நின்று குனிந்து பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, இந்தாள் சிரிக்கேல்லை.”

“பின்னை?”

“இவருக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்திட்டுது. சிரிச்சா ரெண்டு கன்னமும் ஏறும். இவருக்கு ஒண்டுதான் ஏறியிருக்கு, மற்றது தொங்குது. கையைப் பாருங்கோ, பெருவிரல் உள்ளுக்கை போட்டுது. நான் ஒரு நாளைக்கு மூண்டு பேருக்கு அந்த விரலை விரிச்சு, துவாய் சுருட்டி வைக்கிறனான். இல்லாட்டி நகம் உள்ளங்கையைக் கிழிச்சுப்போடும்.”

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். “உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?”

“மகிழ்ச்சியான முகம் என்கிறார்” என்றேன் டெனிஷில்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். என் மனைவிக்கு டெனிஷ் தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகப் பேசுவாள். நான் புத்தகத்தில் படித்த டெனிஷைப் பேசுபவன். அவள் நாங்கள் இருக்கும் மேற்கு யூலாந்துப் பகுதிக் கிழவர்களிடம் கற்ற டெனிஷைப் பேசுபவள். பகிடியும் விடுவாள், ஏச்சும் வாங்குவாள், திருப்பியும் ஏசுவாள். ஆனால் நான் பக்கத்தில் நின்றால் தமிழுக்கு வந்துவிடுவாள். வந்த காலத்தில் கொமூன் என்ற உள்ளூராட்சி அலுவலகத்திலும் வைத்தியரிடமும் நான்தான் அவளுக்காகக் கதைத்தேன். அவள் கற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. எங்கள் ஆட்களில் பல வீடுகளில் இது உண்டு. மனுசன் நிற்கும்போது மனுசி முந்திக் கதைத்தால் அவருக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று பெண்கள் தாங்களாகவே விலகிவிடுவார்கள். நாங்களும் வழிவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அந்த இடத்தில் ஏறி நின்றுவிடுவோம்.

ஆகவே நான் சொன்ன பொய் அவளுக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. பொறுப்பாளர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவளும் புன்னகைத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு வெட்கமாக இருந்தது. அருங்காட்சியகத்தில் நான் வரலாற்று ஆசிரியன். இவள் சப்பாத்தோடு வந்து, துவாய், நகம் என்று பேசுகிறாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

காரை அவள்தான் ஓட்டினாள்.

“மகிழ்ச்சியான முகமோ?”

“உமக்கு எதைப் பாத்தாலும் நோயாளிதான் தெரியும். அது மியூசியம், உம்மடை நோயாளி வாட்டு இல்லை.”

“சரி, மாஸ்டர்” என்றாள். என்னை அவள் மாஸ்டர் என்று கூப்பிடுவது கோபத்தில் மட்டும்தான்.

மூன்று கிழமைக்குப் பிறகு அருங்காட்சியகத்தின் உணவகத்தில் ஒரு டெனிஷ் முதியவரைப் பார்த்தேன். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் வைத்தார், ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோல. நான் கோப்பையை வைத்துவிட்டு மேலே போனேன். பொம்மையின் முன் நின்றேன். மனைவி சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. கன்னம், விரல், பாதம். ஆயிரம் தடவை பார்த்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொறுப்பாளரின் அறைக்குப் போய், “நான் சில நாள்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்” என்று தொடங்கினேன். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பின்னால் திரும்ப வழி இருக்கவில்லை.

அவர் துள்ளி எழுந்தார். படங்களை நரம்பு வைத்தியர் ஒருவருக்கு அனுப்பினார். மிகவும் சாத்தியம் என்று பதில் வந்தது. புதிய அட்டை தயாரானது: ‘பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட மனிதனாக இருக்கலாம். இந்த விளக்கத்தை முதலில் முன்வைத்தவர் எங்கள் வழிகாட்டி, இலங்கையில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர்.’ உள்ளூர்ப் பத்திரிகையில் பொம்மையும் நானும் இருக்கும் படம் வந்தது. ஹேர்னிங்கில் எங்கள் ஆட்கள் கலைவிழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு காலமும் தெரியாததை ஒரு தமிழன் கண்டுவிட்டான் என்று ஒருவர் ஒலிவாங்கியில் முழங்கினார். கைதட்டல்.

மனைவி மண்டபத்தின் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். பொன்னாடையோடு நான் தேநீருக்குப் போனபோது ஒரு பெண் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்கடை மனுசன் பெரிய ஆள்தான், என்ன?”

“ஓம், அவருக்கு நல்ல கண்” என்றாள் மனைவி. எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தாள். சீனி சரியாகப் போட்டிருந்தாள்.

அவள் வீட்டில் சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு இவற்றில் அக்கறை இல்லை. அவள் சொன்னால் அவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். நான் அல்லவா அதைச் சபைக்கு ஏற்றபடி சொன்னேன். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து ஆண்டுகள், பெரும்பாலான ஞாயிறுகளில், கூட்டத்துக்கு முன் நின்று, “நான் முதலில் கவனித்தது கன்னத்தை” என்று தொடங்கினேன். சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மை போலாகிவிட்டது. திருட்டில் மோசமானது அதுதான்.

சென்ற இலையுதிர்காலத்தில் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அந்த அறையைப் புதுப்பிக்கிறார்களாம். ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் பொத்தானை அமத்தினால் ஒலிப்பதிவு கேட்குமாம். “பொம்மையை எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்று உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். மூன்று நிமிடத்துக்குள்.” வீட்டுக்கு வந்து குசினி மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்: “முடிச்சைப் பற்றியும் எழுதுறீங்களோ?”

“என்ன முடிச்சு?”

“பின்னாலை இருக்கிற முடிச்சு.”

“பின்னாலை என்ன இருக்கு?”

இப்போது கத்தி நின்றது. “அஞ்சு வருசமாய் அந்தாளைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லுறீங்கள். ஒருநாளும் பின்பக்கம் போய்ப் பாக்கேல்லையோ?”

பார்க்கவில்லை. வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்து நிற்பவன். பொம்மைக்கு முதுகைக் காட்டி நிற்பவன்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“காருக்குள்ளை சொல்ல வெளிக்கிட்டனான். இது வாட்டு இல்லை எண்டு சொன்னீங்கள். விட்டிட்டன்.” மறுபடி வெட்டத் தொடங்கினாள். “பிறகு நீங்கள் மற்றதை எல்லாம் எடுத்திட்டீங்கள். இதையாவது நான் வைச்சிருப்பம் எண்டு நினைச்சன்.”

கோபத்தோடு சொல்லவில்லை. அலுமாரியில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எழுதிய தாளை மடித்தேன். அதற்குமேல் ஒரு எழுத்தும் எழுத முடியவில்லை.

அடுத்த நாள் அருங்காட்சியகம் திறந்ததும் போனேன். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தேன். அங்கே இருந்தது. இடுப்புத் துணியின் இரண்டு முனைகளும் பின்னால், வலப்பக்கம் தள்ளி, முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. அரிசி அளவு மண்ணில், ஒரு முனை மற்றதின் மேல் வரும்படி, நகத்தால் கீறிச் செய்திருந்தார்கள். அந்த இடத்திலும் சிறிது நீலம் இருந்தது.

அந்த முடிச்சு என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆனால் இனி அதைக் கேட்டு வாங்கி நான் சொல்லப்போவதில்லை என்பது மட்டும் விளங்கியது. நேரே பொறுப்பாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகிழ்ச்சியான முகம் என்று சொன்ன பொய்யிலிருந்து தொடங்கினேன்.

அவருக்குச் சங்கடம். பேனாவை மூடித் திறந்தார். “இது நல்லெண்ணத்தில் நடந்த குழப்பம். அட்டையில் ‘வழிகாட்டியும் அவர் மனைவியும்’ என்று மாற்றிவிடலாமே.”

“குழப்பமில்லை. எனக்குத் தெரிந்தே செய்தேன். அட்டையில் நான் இருக்கக்கூடாது.”

“பத்திரிகையில் எல்லாம் வந்ததே. நன்கொடையாளர்களுக்கு நான் என்ன சொல்வது?”

“நான் திருடினேன் என்று சொல்லுங்கள். எழுத்தில் வேண்டுமானால் கையெழுத்து வைத்துத் தருகிறேன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டெனிஷ் அலுவலகத்தில் குரலை உயர்த்தினேன், அதுவும் எனக்கு எதிராக.

செய்தி எப்படியோ எங்கள் ஆட்களுக்குப் போய்விட்டது. கலைவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட நாலு வயது இளையவர்.

“அண்ணை, உங்களுக்கு என்ன விசரோ? மனுசி சொன்னதை மனுசன் சொல்லுறதெல்லாம் களவோ? அப்பிடிப் பாத்தா நாங்கள் எல்லாரும் மறியல் கம்பிக்குப் பின்னாலை இருக்கவேணும்.”

“இருக்கத்தான் வேணும்” என்றேன்.

“வெள்ளைக்காரனுக்கு முன்னாலை எங்களைக் கேவலப்படுத்துறீங்கள்.”

“என்னைத்தான் கேவலப்படுத்துறன். நீர் ஏன் துடிக்கிறீர்?” என்று கேட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. கதிரையில் விட்டுவிட்டுப் போனார்.

மகள் தொலைபேசியில் டெனிஷில் கேட்டாள்: “அப்பா, அம்மாவிடம் கேட்டீர்களா? அவருக்கு இது வேண்டுமா?”

கேட்கவில்லை. மறுபடியும் அவளுக்காக நானே முடிவெடுத்திருந்தேன்.

மனைவியிடம் போய்க் கேட்டேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு விரல் மடித்து எண்ணாமல், ஆனால் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“அதிலை ‘மனைவி’ எண்டு வரப்படாது. என்ரை வேலையைப் போடட்டும். முதியோர் இல்லத்திலை வேலை செய்தவ எண்டு. நானே கதைப்பன். நீங்கள் நிக்கலாம், ஆனால் வாய் திறக்கப்படாது. ஏலுமோ?”

“ஏலும்.”

“பாப்பம்” என்றாள்.

அந்த வியாழக்கிழமை இருவரும் போனோம். நல்ல சேலை கட்டுவாள் என்று நினைத்தேன். காற்சட்டையும் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். பொறுப்பாளர் பெட்டியைத் திறந்து, பொம்மையை மெல்லிய துணி விரித்த மேசையில் வைத்து, மெல்லத் திருப்பினார். என் மனைவி டெனிஷில் பேசத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நிற்க, அவள் வாயிலிருந்து அத்தனை டெனிஷ் வருவதை நாற்பது ஆண்டுகளில் அன்றுதான் கேட்டேன். வேகமாக, சொற்களின் கடைசியை விழுங்கி, அந்த ஊர்க் கிழவர்கள் பேசுவதுபோலவே பேசினாள்.

“இவருடைய வலக்கை வேலை செய்யாது. இடக்கை வலக்கையைப் பிடித்திருக்கிறது. விட்டால் வலக்கை சரிந்துவிடும். இப்போது இந்த முடிச்சைப் பாருங்கள். பின்னால், வலப்பக்கம். உங்கள் இடக்கையை அங்கே கொண்டுபோய், அந்த ஒரு கையால் முடிச்சுப் போட்டுப் பாருங்கள்.”

பொறுப்பாளர் உண்மையாகவே முயன்று பார்த்தார். முடியவில்லை.

“அப்படியானால் இதை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். வலப்பக்கம் நின்று கட்டியிருக்கிறார்கள். நாங்களும் வலுவில்லாத பக்கத்தில்தான் நிற்போம், ஆள் சரிந்தால் பிடிப்பதற்கு. தலைமயிரைப் பாருங்கள், வாரி விட்டிருக்கிறார்கள். இது நோயாளியின் பொம்மை மட்டுமில்லை. காலையில் எழுப்பி, உடுத்தி, இருத்திவிட்ட ஒரு மனிதர். இருத்திவிட்டவர் பக்கத்தில்தான் எங்கோ நிற்கிறார்.”

பொறுப்பாளர் கவனமானவர். “மாயர்களின் உருவங்களில் துணியைப் பின்னால் கட்டுவது வழக்கம்தான். இதைச் செய்தவர் வழக்கப்படி செய்திருக்கலாம். நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது.”

“நிச்சயம் என்று நான் சொல்லவில்லை” என்றாள் என் மனைவி. “வழக்கம் என்றால் முடிச்சு நடுவில் இருக்கும். அதுவும் முதுகுப்பக்கம், யாரும் பார்க்காத இடம். அங்கே இவ்வளவு மினக்கெட்டுச் செய்திருக்கிறார். தான் கண்டதைத்தான் செய்திருக்கிறார். நீங்கள் உங்கள் சந்தேகத்தையும் எழுதுங்கள். நான் சொன்னதையும் எழுதுங்கள்.”

பொறுப்பாளர் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

என் நாக்கு நுனிவரை வந்தது. வேறு மாயன் பொம்மைகளைப் பற்றி நான் படித்த ஒரு விஷயம். அவள் சொன்னதற்கு வலுச் சேர்க்கும் விஷயம்தான். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையை அசைத்தேன், பதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல. அவர் மறுபடி அவள் பக்கம் திரும்பி, குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

வசந்தத்தில் அறை திறந்தது. அட்டையில் பாரிசவாதம், முடிச்சு இரண்டின் விளக்கங்களும் இருக்கின்றன, பொறுப்பாளரின் சந்தேகமும் இருக்கிறது. விளக்கம் தந்தவர் முதியோர் இல்லப் பராமரிப்பாளர் என்று இருக்கிறது. ஒலிப்பதிவில் பேசுபவளும் அவள்தான். நான் இல்லை. முந்தைய அட்டை தவறான பெயரில் வந்தது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று கடிதம் எழுதிய பிறகு அதையும் சேர்த்தார்கள்.

எங்கள் ஆட்களில் சிலர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. என்னால் தங்கள் வீடுகளில் தேவையில்லாத கதை தொடங்கிவிட்டதாம். தொடங்கட்டும். இந்த நாட்டில் நாற்பது ஆண்டுகளாக முதியவர்களைத் தூக்கி நிமிர்த்திய கைகளில் எத்தனையோ எங்கள் பெண்களுடையவை. அந்தக் கைகளுக்குத் தெரிந்ததை நாங்கள் அறிவு என்று எண்ணவே இல்லை. மேடைகளை எங்களுக்கு வைத்துக்கொண்டு, தேநீரை அவர்களிடம் விட்டோம். அதைச் சொல்வதால் என் மரியாதை போகும் என்றால், அது போகவேண்டிய மரியாதை.

இன்னும் ஞாயிறுகளில் போகிறேன். அந்தப் பெட்டிக்கு வந்தால் பொத்தானை அமத்திவிட்டு ஓரமாக நிற்பேன். அவள் குரல் ஓடும். சென்ற கிழமை வீட்டுக்கு வந்து, அன்று வந்த கூட்டம் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தது என்று அவளிடம் சொன்னேன்.

“நல்லது” என்றாள்.

“என்னிலை இன்னும் கோபமோ?”

“ஓம்” என்றாள். பிறகு, அடுத்த ஞாயிறு தானும் வரப்போவதாகவும், இல்லத்தில் தன்னோடு வேலை செய்த நாலு பேரைக் கூட்டி வரப்போவதாகவும், அவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை என்றும் சொன்னாள்.